கத்தலான் சொல்லும் ஒரு திதியும்

நியூசிலாந்தில், பிளாக்ஹவுஸ் பேயில் புதன்கிழமைதோறும் கூடும் எங்கள் முதியோர் வட்டத்தில் ஏக்கத்திற்கு அதிகாரி நான். துறைகள் ஒழுங்காகவே பிரிக்கப்பட்டிருந்தன. நீரிழிவுக்கு ஒருவர், விசாவுக்கு ஒருவர், பிள்ளைகளின் மோர்ட்கேஜை நினைத்துப் பெருமூச்சு விடுவதற்கு மூவர். ஆண்டவனைப் பிரிந்த உயிர் படும் பாட்டைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் என்னை அழைப்பார்கள். ஆறு வயதில் பதிகம் ஓதத் தொடங்கியவன். இன்று எழுபத்தாறு வயதில், கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பது நினைவில்லாத நிலையிலும், எந்தத் தலத்துப் பதிகம் எந்தப் பண்ணில் அமைந்தது என்று எவராவது கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். எவரும் கேட்பதில்லை. மரியாதை காரணமாகக் கேட்காமல் இருக்கிறார்கள் என்று நம்பி வந்தேன்.

வட்டத்தின் தலைவர் மதுரைப் பக்கத்தவர். மின்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உலக மொழிகள் யாவும் தமிழின் வயிற்றிற் பிறந்தவை என்பது அவர் கொள்கை. எந்த மொழியின் எந்தச் சொல்லை அவர் முன் வைத்தாலும், அதன் சட்டைப்பையைச் சோதித்து ஒரு தமிழ் வேரை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் அமர்வார். ஈழத்தவராகிய நாங்கள் இதைப் புன்னகையோடு பொறுத்துக்கொள்வோம். ஏனெனில் தமிழின் வயிற்றிற் பிறந்த மொழிகளுள் சுத்தமானது எங்கள் யாழ்ப்பாணத் தமிழே என்பது எங்கள் கொள்கை.

கண் மருத்துவர் என் வாகன உரிமத்துக்கு மங்களம் பாடிய பின், புதன்கிழமைகளில் என்னை மருமகன்தான் அழைத்துச் செல்கிறார். எங்கள் ஒரே மகள் மணந்தவர். பார்சலோனாவுக்கு வடக்கே ஒரு சிற்றூரிற் பிறந்து, எப்படியோ கடல்கள் தாண்டி, வெஸ்ட்கேட்டில் முளைத்துக்கொண்டிருக்கும் புதுவீடுகளுக்குச் சமையலறை அலுமாரிகள் பொருத்துகிறார். மகள் முதன்முதலில் அவரை வீட்டிற்கு அழைத்து வந்தபோது, “ஸ்பானியரோ?” என்று கேட்டேன். “இல்லை, கத்தலான்” என்றார். “ஸ்பெயின்தானே?” “கத்தலான்.” “ஆனால் பேசுவது ஸ்பானிஷ்தானே?” என்று மூன்றாவது முறையும் கேட்டேன். ‘ஸ்ரீலங்கா என்றால் சிங்களம்தானே பேசுவீர்கள்’ என்று என்னைக் கேட்கும் நியூசிலாந்துக்காரர் மீது இருபது ஆண்டுகளாகச் சினந்து வருகிறவன் நான். அன்று அந்தச் சினம் எங்கே ஒளிந்திருந்ததென்று விளங்கவில்லை. அவர் மட்டும் மூன்று முறையும் ஒரே பொறுமையோடு விடை சொன்னார். அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துப் போயிருக்க வேண்டும். ஆயினும் மாமனாருக்குரிய கடமையாகச் சில ஆண்டுகள் பிடிக்காததுபோல் இருந்தேன்.

இனி வீட்டு விவகாரம்.

என் மனைவிக்கு ஒரே ஒரு தம்பி. சண்டையின் கடைசி மாதங்களில் வன்னியிலிருந்து ஒருமுறை தொலைபேசியில் பேசினார். அதன்பின் செய்தியில்லை. மணமாகாதவர், தேடுவதற்கு மனைவி மக்கள் இல்லை. பட்டியல்களில் அவர் பெயர் இல்லை. இறந்தவர்களைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் அவரைப் பார்க்கவில்லை என்றார்கள்; உயிரோடிருந்தவர்களைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் அவரைப் பார்க்கவில்லை என்றார்கள்.

லின்ஃபீல்டில் நாங்கள் இருக்கும் வீட்டிலிருந்து கோயில் அதிக தூரமில்லை. வெள்ளிக்கிழமை அர்ச்சனைச் சீட்டுக்கு மனைவி குடும்பத்தாரின் நட்சத்திரங்களை வரிசையாகச் சொல்வாள். என்னுடையது, மகளுடையது, மருமகனுக்குக் கணித்துக் கொடுத்தது, பேத்தியுடையது. ஐந்தாவதாகக் கேட்டை. தம்பியின் நட்சத்திரம். அர்ச்சனை உயிரோடிருப்பவருக்குச் செய்வது. செய்தியற்றுப் போன ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் ஆயுளும் ஆரோக்கியமும் வேண்டி ஆண்டவனைச் சங்கடத்தில் மாட்டுவது முறையன்று என்று எனக்குப் பட்டது. இறைவன் சார்பில் சங்கடப்படுவது பக்தர்களின் பழைய வழக்கம்.

ஐயரிடம் பேசினேன். நல்ல மனிதர், ஆகமமும் தெரியும், எந்த அங்காடியில் வாழைப்பூ கிடைக்கும் என்பதும் தெரியும்.

“பன்னிரண்டு வருஷம் கடந்திட்டா சாஸ்திரத்தில இடம் இருக்கு ஐயா” என்றார். “தர்ப்பையில உருவம் செய்து தகனம் செய்யலாம். பிறகு அந்தியேட்டி, திவசம் எல்லாம் முறைப்படி. ஆடி அமாவாசையை ஒட்டி வைச்சுக்கொள்ளுவம். ஆனா ஒரு திதி வேணும். கடைசியாக் கண்ட நாள், இல்லாட்டிக் கடைசியாக் கதைச்ச நாள். அதக் கேட்டுக்கொண்டு வாங்கோ, மிச்சத்த நான் பாக்கிறன்.”

பெரிய நிம்மதி. இதில் எனக்கிருந்த ஒரே கவலை, கோயிலின் பின்புறத்தில் தீ மூட்டுவதற்கு அனுமதி கேட்கும் கடிதத்தில், ‘ஒரு மனிதரின் வடிவில் கட்டப்பட்ட புல்’ என்பதை எந்த ஆங்கிலத்தில் எழுதினால் தீயணைப்பு வண்டி வராது என்பதுதான்.

அன்று மாலை மனைவி பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். ஐயர் சொன்னதையெல்லாம் சொன்னேன். “ம்” என்றாள். நாற்பத்து நான்கு ஆண்டு இல்லறத்தில் அந்த ‘ம்’முக்குச் சம்மதம் என்றே பொருள் கொண்டு வந்திருக்கிறேன். இல்லறம் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

“அவர் கடைசியாக் கதைச்ச நாள் உமக்கு ஞாபகம் இருக்கோ?”

“சரியா ஞாபகம் இல்லை.”

“மாதமாவது?”

“அப்ப இஞ்ச குளிரோ வெயிலோ… ஞாபகம் இல்லையப்பா.”

முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கலியாண வீட்டில் என் தமக்கை எந்த நிறச் சேலையில் வந்து என்ன குறை சொன்னாள் என்பதைத் திகதி, கிழமை, சாப்பாட்டு வகைகளோடு சொல்லக்கூடியவள். மூலையில் உள்ள டெயரி என்னும் சில்லறைக் கடைக்காரரின் மகளுக்கு எத்தனையாம் வகுப்பில் அம்மை போட்டது என்பதை அறிந்தவள். அவளுக்கு இந்த ஒரு நாள் நினைவில்லையாம். அந்தத் தொலைபேசியில் நானும் பேசினேன் என்பது உண்மைதான். ஆனால் நான்தான் சொன்னேனே, என் துறை வேறு.

இந்த நிலையில்தான் அந்தப் புதன்கிழமை வந்தது. ‘பிரிவின் பெருமை’ என்று தலைப்பிட்டு நாற்பது நிமிடம் பேசினேன். நைதல், உருகுதல், கசிதல், அலமரல், ஆற்றாமை என்று அடியார் பாட்டில் வரும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, வெவ்வேறு ஒளியில் திருப்பிக் காட்டினேன். முன்வரிசையில் இருவர் கண்மூடி இரசித்தனர். அவருள் ஒருவரின் இரசனை குறட்டையாக வெளிப்பட்டது. முடிவில், இத்தனை நுட்பமாக ஏங்கத் தெரிந்த மொழி உலகில் வேறில்லை என்று அறுதியிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பின்வரிசையில் காகிதத் தட்டும் வடையுமாக அமர்ந்திருந்த மருமகனைக் கண்டதும் பெருந்தன்மை பொங்கியது. கூட்டத்தில் அந்நியர் ஒருவர் இருந்தால், அவருடைய மொழியின் வறுமையை அவர் வாயாலேயே சொல்லச் செய்வது தமிழரின் விருந்தோம்பலில் ஒரு பகுதி.

“எங்கட மருமகனைக் கேப்பம். உங்கட பாஷையில இதுக்கு ஏதாவது சொல் இருக்கோ?” என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் கேட்டேன்.

அவர் வடையை வைத்து, விரல்களைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். வெண்பலகையில் எழுதினார். எழுத்தைக் கூட்டி வாசித்தால் ‘என்யோரார்’ என்று வந்தது. அவர் வாயில் அது ‘அஞ்ஞுரா’ என்று ஒலித்தது.

“இது எங்கள் கத்தலான் வினைச்சொல்” என்றார். அவர் பேசியது ஆங்கிலம். இங்கே இருப்பது என் தமிழ். “ஒருவரைப் பிரிந்து ஏங்குவது. இது லத்தீனில் ‘தெரியாதிருத்தல்’ என்னும் வினையிலிருந்து வந்தது. அவர் எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று தெரியாமலிருப்பது. அந்தத் தெரியாமையே நாளடைவில் ஏக்கம் ஆகிவிட்டது. ஸ்பானியர் இதை எங்களிடமிருந்து எடுத்து ‘அஞ்ஞோரார்’ என்று ஆக்கிக்கொண்டார்கள். அவர்களிடம் முன்பே இன்னொரு தொடர் இருந்தது, ‘குறைவாகக் காண்பது’ என்பது போல. அதையும் போர்த்துக்கேயரிடமிருந்து எடுத்ததாகச் சொல்வார்கள்.”

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு புன்னகை தெரிந்தது. பாதி உலகத்தை ஆண்ட அண்டை வீட்டுக்காரனுக்கு ஏங்குவதற்குக் கூட இருபுறத்து வேலிகளாலும் எட்டிச் சொல் பறிக்க வேண்டியிருந்தது என்பதில், அலுமாரி பொருத்தும் ஒரு கத்தலானுக்கு உள்ள மகிழ்ச்சி எனக்கு நன்றாக விளங்கியது. நானும் ஒரு சிறுபான்மை இனத்தவன்.

ஆனால் தலைவர் எழுந்துவிட்டார்.

“இருங்க, இருங்க! தம்பி, அதை அழிக்காதீங்க. என்… யோரார். என் ஊரார்! சார், என் ஊரார் சார்! ஊரை விட்டுப் போனவன் யாரை நெனச்சு அழுவான்? ஊராரைத்தானே? கப்பல்ல போயிருக்கு சார் இந்தச் சொல்லு!”

“அப்ப லத்தீன்?” என்றார் எங்கள் பக்கத்துக் கிழவர் ஒருவர்.

“லத்தீன் மட்டும் எங்கேருந்து வந்ததுங்கிறீங்க?”

கைதட்டல் எழுந்தது. குறட்டை விட்டவரும் விழித்துக் கைதட்டினார். என் நாற்பது நிமிடம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எல்லோரும் பலகையைச் சுற்றி நின்று கைத்தொலைபேசியிற் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிரவுக்குள் அது ஒரு வாட்ஸ்அப் செய்தியாகி, ‘ஐரோப்பாவில் பேசப்படும் தூய தமிழ்’ என்னும் தலைப்போடு என் சொந்த மைத்துனியால் எனக்கே அனுப்பப்பட்டது.

வீடு வந்ததும் நான் செய்த முதற்காரியம், மகளின் கணினியில் அந்தச் சொல்லைத் தேடியது. மருமகன் கதை விட்டிருப்பார் என்று நினைத்தேன். அகராதிகள் அவர் பக்கமே நின்றன. சொல் சொல்லாக அவர் சொன்னது சரி. அதே லத்தீன் வினையை ஆங்கிலேயரும் எடுத்திருக்கிறார்கள். எடுத்து, கண்டும் காணாததுபோல் இருப்பதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். இக்னோர். ஒரே வினை. கத்தலான்காரன் தெரியாமல் உருகினான். ஆங்கிலேயன் தெரிந்துகொண்டே முகத்தைத் திருப்பினான். ஆங்கிலேயரின் ஆட்சியில் வாழ்ந்தவர் பிள்ளைகளாகிய நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அதற்கும் கீழே இன்னொரு படி இருந்தது. அந்த லத்தீன் வினையின் அடியில் உள்ள ‘அறிதல்’ என்னும் வேரும், வடமொழியில் ‘ஞானம்’ என்பதன் வேரும் ஒரு தாய் மக்களாம். அப்படியானால் மருமகனின் ‘அஞ்ஞுரா’வும், நான் அறுபது ஆண்டுகளாக மேடைதோறும் கடிந்து வந்த ‘அஞ்ஞானமும்’ தூரத்துச் சகோதரர்கள். எனக்கு உண்டான ஆனந்தம் கொஞ்சமல்ல. முதலாவது, தலைவருக்குத் தோல்வி. உறவு இருக்கிறது, ஆனால் அவருக்குப் பிடிக்காத மொழியின் வழியாக இருக்கிறது. இரண்டாவது, எனக்கு ஓர் ஆயுதம் கிடைத்தது.

ஏக்கம் என்பது அறியாமை. அறியாமை இருள். இருளை நீக்குவது நெறி. ஆகவே மனைவியின் ஏக்கத்தை நீக்குவதற்கு, தெரியாமையை முடித்து வைக்க வேண்டும். தர்ப்பையில் உருவம் செய்து, ஒரு திதியை நிறுத்தி, ‘இன்ன நாளில் இறந்தார்’ என்று தெரிந்துகொண்டுவிட்டால் ஏங்குவதற்கு என்ன மிச்சம்? இத்தனை ஒழுங்கான வாதம் எனக்கு அதற்கு முன் அமைந்ததில்லை. மூன்று நாள் அதை மனத்திற்குள் மெருகேற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நால்வரும் மேசையில் இருந்தோம். பேத்தி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. மனைவி பரிமாறிக்கொண்டிருக்கும்போதே தொடங்கினேன். லத்தீனில் இறங்கி, வடமொழியில் ஏறி, அஞ்ஞானத்தை விளக்கி, ஐயரின் திதிக்கு வந்து சேர்ந்தேன். மருமகன் தன் தாய்மொழி இத்தனை தூரம் கொண்டு போகப்படும் என்று எதிர்பார்த்திருக்கவில்லை. முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஆகவே” என்றேன், “அந்த நாள் எது எண்டு நல்லா யோசிச்சுச் சொல்லும். உம்மட மனசுக்கும் ஒரு முடிவு வேணுமெல்லே.”

மனைவி எனக்கு விடை சொல்லவில்லை. மருமகன் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டாள். முதியோர் இல்லம் ஒன்றின் சமையற்கட்டில் பதினான்கு ஆண்டு வேலை செய்தவள். என் ஆங்கிலம் இலக்கணம் உடையது; அவள் ஆங்கிலம் மற்றவர்களுக்கு விளங்குவது.

“தம்பி, உங்கட ஆக்கள் செத்தவைக்கும் அந்தச் சொல்லைத்தான் சொல்லுவினமோ?”

“சொல்வோம் மாமி. செத்தவருக்கும் சொல்வோம், விற்றுவிட்ட வீட்டுக்கும் சொல்வோம், அம்மா வைக்கும் சூப்புக்கும் சொல்வோம். அது தெரியாமையிலிருந்து வந்தது என்று இப்போது எவரும் நினைப்பதில்லை.”

“ஒருத்தருமோ?”

“அம்மாவின் பெரியப்பா ஒருவர் எங்கள் நாட்டுச் சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் தெரியாது. அவரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார்கள்.”

மனைவி தலையை அசைத்தாள். பால்கறிச் சட்டியை மூடினாள். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

“இஞ்சாருங்கோ. அந்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

“பிறகு ஏன் இல்லையெண்டனீர்?”

“திங்கக்கிழமை. விடிய ஆறரை. நீங்கள் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள், நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டனான். லைன் மூண்டு தரம் அறுந்தது. நாலாந்தரம் எடுத்தவன். திகதியும் தெரியும், திதியும் தெரியும். அண்டைக்கே கலண்டரில பாத்தனான்.”

“அப்ப சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா நீங்கள் கொண்டுபோய் ஐயரிட்டக் குடுத்துடுவியள். அவர் அதைத் திதியாக்கிப் போடுவார். அது அவன் என்னோட கதைச்ச நாள். செத்த நாள் இல்லை. அவன்ர எண்டு என்னட்ட இருக்கிறது அந்த ஒரு நாள்தான். அதையும் பிடிச்சுத் திவசமாக்கிப் போடாதேங்கோ.”

மகள் மெல்லத் தன் கணவனுக்கு மொழிபெயர்த்தாள், தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

வாதத்தில் தோற்கும் மனிதன் கடைசியாகப் பிடிப்பது சாத்திரத்தை. “உம்மட நன்மைக்குத்தானப்பா. தெரியாமல் இருக்கிறது எவ்வளவு பெரிய பாரம்…”

“எனக்கு அது பாரமில்லை” என்றாள். “பழகிப் போச்சு. வெள்ளிக்கிழமையில அவனுக்கு எண்டு ஒரு அர்ச்சனை, அவ்வளவுதான். உங்களுக்குத்தான் பாரமா இருக்கு. பன்னிரண்டு வருஷம் எப்ப முடியும் எண்டு நீங்கள்தான் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறியள். ஏன்?”

எனக்கு ஏறத்தாழ நானூறு பதிகங்கள் மனப்பாடம். சோற்றைப் பிசைந்தபடி ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினேன்.

“அப்பா” என்றாள் மகள். “ஷீ ஆஸ்க்ட் யூ சம்திங்.”

எழுந்து கை கழுவப் போனேன். கை கழுவுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்தவன் அந்த வீட்டில் அதற்கு முன் இருந்திருக்க மாட்டான்.

அந்தத் திங்கட்கிழமை தொலைபேசியை முதலில் எடுத்தவன் நான். மச்சான் சுருக்கமாகப் பேசினார். பின்னால் பலர் வரிசையில் நிற்கும் ஓசை கேட்டது. “அத்தான், சனம் எல்லாம் கடற்கரைப் பக்கம் வெளிக்கிடுது. நானும் போறதோ, இஞ்சயே இருக்கிறதோ? நீங்கள் என்ன சொல்லுறியள்?” என்றார். எனக்குத் தெரியாது. பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், தேநீர்க் கோப்பையோடு லின்ஃபீல்டில் அமர்ந்திருப்பவனுக்கு எப்படித் தெரியும்? ‘தெரியாது தம்பி’ என்று சொல்லியிருக்கலாம். அது நேர்மையான விடை. ஆனால் என்னிடம் வந்து ஒன்றைக் கேட்டவருக்கு அந்தச் சொல்லை நான் அதுவரை சொன்னதில்லை. ஆகவே பாடினேன். எந்நேரமும் அறுந்துவிடக்கூடிய அந்தத் தொலைபேசியில், எங்கிருந்தாலும் அவன் திருவடி காக்கும் என்னும் பொருளுடைய ஒரு பாட்டை, முதலடியிலிருந்து கடைசியடி வரை, பண்ணோடு பாடினேன். பாடி முடித்து, தொலைபேசியை மனைவியிடம் கொடுத்தேன். எனக்கு அப்போது மனநிறைவாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அவர் போனாரா, இருந்தாரா என்பது எனக்குத் தெரியாது. ஒரு திதி நிறுத்தப்பட்டால் அந்தக் கேள்வியும் தர்ப்பையோடு சேர்ந்து எரிந்துவிடும் என்று எண்ணியிருக்கிறேன் போலும். அதற்கு மனைவியின் மனநிம்மதி என்று பெயர் வைத்திருந்தேன். பெயர் வைப்பதில் எங்கள் தலைவருக்கு நான் இளைத்தவனல்லன்.

திங்கட்கிழமை காலை ஐயருக்கு அழைப்பெடுத்தேன்.

“சொல்லுங்கோ ஐயா, திதி கிடைச்சுதோ?”

“கிரியை வேண்டாம் ஐயர். நிப்பாட்டுவம்.”

“ஏன், அம்மாவுக்கு நாள் ஞாபகம் வரேல்லையோ? அப்பிடியெண்டா அமாவாசையையே வைச்சுக்கொள்ளலாம், தோஷமில்லை.”

“நாள் பிரச்சினை இல்லை. அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது.”

“என்ன ஐயா, நீங்களே தெரியாது எண்டு சொல்லுறியள்? உடம்புக்கு ஏலாதோ?”

உடம்பு நன்றாகவே இருக்கிறது என்றேன். தர்ப்பைக்கு ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டதாக அவர் வருந்தினார். அமாவாசைக்கு வேறு எவருக்காவது உதவும் என்றேன். அது உண்மைதான், எங்கள் ஊர்க்காரர் மத்தியில் தர்ப்பை வீணாகிப் போவதற்கு வாய்ப்பில்லை.

பகல் உணவுக்குப் பின் மனைவி சமையலறையில் துருவிய தேங்காய்ப்பூவைப் பொட்டலங்களாகக் கட்டி உறைபெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐயரிடம் சொல்லிவிட்டேன் என்றேன். “ம்” என்றாள். அந்த ‘ம்’முக்கு இம்முறை நான் பொருள் எதுவும் கொள்ளவில்லை. கதவருகில் நின்றபடியே, அந்தத் திங்கட்கிழமை தொலைபேசியில் மச்சான் என்ன கேட்டார், நான் என்ன செய்தேன் என்பதைச் சொன்னேன். மேடையில் நாற்பது நிமிடம் தண்ணீர் குடிக்காமல் பேசுகிறவனுக்கு அந்த நாலு வசனத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர் வேண்டியிருந்தது.

அவள் பொட்டலம் கட்டுவதை நிறுத்தவில்லை.

“இது எனக்குத் தெரியாதோ?” என்றாள். “பக்கத்தில தானே நிண்டனான். நீங்கள் பாடினது நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.”

“ஒண்டும் சொல்லேல்லையே நீர்.”

“என்னத்தச் சொல்லுறது? அவனே சொன்னவன். நான் வாங்கின உடன, ‘அக்கா, அத்தான்ர குரல் இன்னும் நல்லாத்தான் இருக்கு, ஆனா கேட்டதுக்கு மறுமொழியைக் காணேல்லை’ எண்டு. சொல்லிப்போட்டுச் சிரிச்சவன்.”

“சிரிச்சவரோ?”

“ஓம், நல்லாச் சிரிச்சவன். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு என்னட்டையும் கேட்டவன், போறதோ இருக்கிறதோ எண்டு. நான் சொன்னன், ‘எனக்குத் தெரியாதடா, நீயே பாத்துச் செய்’ எண்டு.” கையிலிருந்த பொட்டலத்தின் வாயை இறுக்கிக் கட்டினாள். “நீங்களாவது அவனுக்கு ஒரு பாட்டுக் குடுத்தனீங்கள்.”

இத்தனை ஆண்டுகளில் அவள் இதை ஒருமுறையும் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஐந்தாவது நட்சத்திரம் வரும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

ஆறுதலாக ஒரு பாட்டு நாக்கு நுனிவரை வந்தது. பழக்கம். விழுங்கிக்கொண்டேன்.

“பிறகு?” என்றேன். “வேற என்ன கதைச்சவர்?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஐயர் கேட்டதுபோலவே உடம்புக்கு ஏதும் செய்கிறதோ என்று பார்த்திருக்க வேண்டும். உறைபெட்டியின் கதவை மூடினாள். கையைத் துடைத்தாள்.

“இருங்கோ, சொல்லுறன்” என்று கதிரையை இழுத்தாள். “முதல்ல, நாங்கள் அனுப்பின படத்தில நிண்ட உங்கட அந்த மண்ணிற நாய் இன்னும் நிக்குதோ எண்டு கேட்டவன்.”